மார்ஜினுக்கு ‘விளிம்பு’ வேண்டாமே!

ஹாரோ வகுப்பு: கலைச்சொல் குழு அன்பர்களே, இலண்டன் ஹாரோவில் நான் நடத்தும் வகுப்புக்கான கைப்பிரதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தரகரிடம் கடன் வாங்கி இலண்டன் பங்கு வாங்குவதைப் பெரியவர்களுக்கு விளக்குகிறேன். 10,000 பவுண்டுக்குப் பங்கு, அதில் 5,000 கடன். நாம் போடும் மீதியை ஆங்கிலத்தில் மார்ஜின் (margin) என்கிறார்கள்; தமிழில் என்ன பெயர்? மார்ஜினுக்கு நேர்ச்சொல்லாக ‘விளிம்புத்தொகை’ என்று கரும்பலகையில் எழுதினேன். “அண்டா விளிம்பா தம்பி?” என்றார் ஒரு பாட்டி.

புலவர்: கைம்முதல் என்க. ‘முதலிழக்கும்’ என்று குறள் 463-லேயே வணிகப் பொருளில் இருக்கிறது. முதல், முதலி, முதலாளி எல்லாம் ஒரே வேர். முதலையும் அதே வேர்தான் என்பது என் துணிபு.

மதுரை: ஐயா, முதலையைக் குளத்திலேயே விடுங்கள். பங்கு 20% இறங்கினால் மதிப்பு 8,000, கடன் அதே 5,000. நமக்கு மிஞ்சுவது 3,000, அதாவது போட்டதில் 40% போச்சு. மிஞ்சுவது தரகர் வைத்த அளவுக்குக் கீழே போனால் ‘இன்னும் கட்டு’ என்பார். எனவே நாம் போடும் பணம் ‘ஈடு’. அவர் கேட்பது ‘ஈடுகட்டு அறிவிப்பு’. அந்த ‘மார்ஜின் கால்’ என்பதை ‘விளிம்பு அழைப்பு’ என்றால் யாரோ கிணற்று மேட்டிலிருந்து கூப்பிடுவது போல் இருக்கிறது.

ஈஸ்ட்ஹாம்: அண்ணை, எங்கட ஊரில காணியை ஈடு வைச்சா அவன் ஒரே நாளில வித்துப்போடேலாது. தரகர் நினைச்சாச் சொல்லாமக் கொள்ளாமப் பங்கை வித்துக் கடனை எடுக்கலாம். அதுக்கும் ஈடு எண்டா சனம் நிம்மதியா நித்திரை கொள்ளும். மார்ஜின் எண்டே விடுங்கோ.

கோவை: வழிமொழிகிறேன். பவுண்டையே பவுனாக்கி, நகைக்கடையில் 8 கிராமாக நிறுத்து வாங்குகிறோம். அதற்கு எந்தக் குழு கூடியது?

புலவர்: பவுன் என்பது பழைய இங்கிலாந்துத் தங்க நாணயத்தின் எடை. அது நாணயத்தோடு வந்த சொல். மார்ஜினோடு என்ன வந்தது, கடன்தானே!

ஹாரோ வகுப்பு: பொழுது விடியப் போகிறது. நான்கு பேர் ‘ஈட்டுத்தொகை’ பக்கம், இரண்டு பேர் மார்ஜின் பக்கம். தலைப்பில் ஈட்டுத்தொகை, முதல் பத்தியில் மார்ஜின் ஒருமுறை. கூடவே ஓர் அடிக்குறிப்பு: பங்கு வாங்கும்போது கட்டும் 0.5% முத்திரை வரி நம் 5,000-க்கு மட்டுமல்ல, முழு 10,000-க்கும்; ஆக 50 பவுண்டு. ‘முத்திரை’க்கு யாரும் சண்டைக்கு வராததற்கு நன்றி.

புலவர்: ஈட்டுதல் என்றால் சம்பாதித்தல். ஈட்டுத்தொகையைப் பாட்டி ‘சம்பாத்தியம்’ என்றல்லவா படிப்பார்? என் மறுப்பைப் பதிந்துகொள்க.