பத்மினியில் விட்டுவிட்டு வரும் ‘டொக்’ சத்தம்: உங்கள் வண்டியில் எங்கே பிடிபட்டது?

மாட்டுங்காவிலிருந்து:

வேகத்தடையில் மெதுவாக இறங்கும்போது பின்பக்கம் ‘டொக்’ என்று கேட்கும். அடுத்த தடையில் கேட்காது. பின்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால் சத்தமே இருக்காது. எங்கள் பிரீமியர் பத்மினி காரில் (முன்பு மும்பையில் டாக்ஸியாக ஓடியதே, அந்த வண்டி) இது எப்படிப் பிடிபட்டது என்று விவரமாகவே எழுதுகிறேன். பலருக்கும் இதே தொந்தரவு இருக்கும்.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார்கள். எதுவும் தட்டவில்லை. உடனே பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றிவிட்டார்கள். பணம் போனதுதான் மிச்சம், சத்தம் அப்படியே இருந்தது.

அப்புறம் தாராவியில் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சியிடம் போனேன். டாக்ஸி காலத்திலிருந்தே பத்மினி வேலை பார்த்தவர். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் டிக்கியைக் காலி செய்யச் சொன்னார். ஸ்டெப்னி, ஜாக்கி, டூல் பை எல்லாம் வெளியே வந்தன. வீல் போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தார். அது தளர்ந்திருந்தால் உயிருக்கே ஆபத்து, அதனால் எந்தத் தட்டல் சத்தத்துக்கும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார். பிறகு கேள்விகள். பிரேக் போடும்போது வருகிறதா? கியர் விழும்போதா? ஸ்டியரிங் ஒடிக்கும்போதா? எதற்கும் இல்லை, மேடு பள்ளத்தில் மட்டும், அதுவும் ஆள் இல்லாதபோது என்றேன்.

“தூக்கி வச்சுப் பாத்தா அது எப்படித் தம்பி தட்டும்? தரையில நிக்கும்போதுல்லா பாக்கணும்” என்றார்.

குழியில் வண்டியை நிறுத்தி, பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கின் (பட்டை ஸ்பிரிங்) ஷாக்கிளில், அதாவது ஸ்பிரிங் நுனியை வண்டியோடு இணைக்கும் துண்டில், கம்பி கொடுத்து நெம்பினார். கேட்டது அதே ‘டொக்’. உள்ளே ரப்பர் புஷ் (உறை போன்ற ரப்பர் வளையம்) கரைந்து, ஷாக்கிள் பின்னுக்கும் (pin) அது நுழையும் ஸ்பிரிங் நுனி வளையத்துக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருந்தது. ஆள் ஏறினால் ஷாக்கிள் பின் ஒரு பக்கமாக அழுந்தி நின்றுவிடும், சத்தம் வராது. ஜாக்கியில் தொங்கவிட்டால் மறுபக்கம் அழுந்தும், அப்போதும் வராது. காலி வண்டி தடையிலிருந்து இறங்கும் அந்த நொடியில் பாரம் விலகி, ஷாக்கிள் பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாவும்போதுதான் தட்டும். விட்டுவிட்டு வருவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

புது புஷ் போட்டதும் அவர் செய்ததை எல்லா மெக்கானிக்கும் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. வண்டியைத் தரையில் இறக்கி, முழு எடையும் சக்கரத்தில் விழுந்த பிறகுதான் போல்ட்டைக் கடைசியாக இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கியே நிற்கும், சீக்கிரம் கிழியும். சாதாரண கிரீஸும் ரப்பர் புஷ்ஷில் படக்கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

செம்பூரிலிருந்து:

எங்கள் வண்டியில் கதை வேறு. ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் அடியில் ‘டங்’ என்று கேட்கும். ரிவர்ஸ் போட்டாலும் அப்படித்தான். இப்படி வந்தால் சஸ்பென்ஷனில் தேடாதீர்கள், இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் வழியில் தேடுங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, புரொப்பல்லர் ஷாஃப்டை (கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் நீளத் தண்டு) கையால் திருப்பிப் பாருங்கள். டிஃபரன்ஷியலில் (பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. ஆனால் அந்தத் தண்டின் முனையிலுள்ள யுனிவர்சல் ஜாயின்ட்டின் கிராஸில் (சிலுவை வடிவத் துண்டு) ஆட்டமே இருக்கக் கூடாது. எங்களுடையதில் கிராஸின் நுனியை மூடும் கப்பைச் சுற்றிச் செந்நிறப் பொடி படிந்திருந்தது. உள்ளே ஊசி பேரிங் துருப்பிடித்துத் தேய்ந்ததன் அடையாளம் அது. மழைக்காலத் தண்ணீரில் வண்டி ஓட்டுபவர்கள் ஒவ்வொரு சீசன் முடிந்ததும் இதைப் பார்ப்பது நல்லது.

சயானிலிருந்து:

என்னுடையதில் கோளாறு இன்ஜின் மவுண்டில், அதாவது இன்ஜினைத் தாங்கும் ரப்பர் துண்டில். கிளட்சை விடும் நேரத்தில் மட்டும் தட்டியது. பானெட்டைத் திறந்து வைத்து, ஆள் யாரும் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று பார்க்க, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி கிளட்சைக் கொஞ்சமாக விட்டோம். இன்ஜின் ஒரு பக்கம் எழும்பி விழுந்தது. ரப்பர் தகட்டைவிட்டுப் பிரிந்திருந்தது.

இடம் பிடிபடாதவர்களுக்கு ஒரு வழி. சந்தேகமான ஒவ்வொரு போல்ட்டிலும் தலையையும் அடியிலுள்ள தகட்டையும் சேர்த்துச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு விலகிய போல்ட் தளர்ந்திருக்கிறது. இதற்குச் செலவே இல்லை. 2023 அக்டோபரில் கடைசி பத்மினி டாக்ஸியும் ரோட்டைவிட்டுப் போன பிறகு இந்த வண்டியின் கை தெரிந்த மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மாட்டுங்கா நண்பரே, அந்த அண்ணாச்சி இன்னும் வேலை பார்க்கிறாரா? என் வண்டியின் முன் சஸ்பென்ஷனை அவரிடம் ஒருமுறை காட்ட வேண்டும்.