பாஸாவ்: ஜெர்மனியில் மூன்று ஆறுகள் கூடும் ஊரில் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கரையோரம்:
2013 ஜூன் வெள்ளம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டான்யூப் ஆற்றின் நீர்மட்டம் 12.89 மீட்டர். 1501க்குப் பிறகு அந்த ஊர் அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததில்லை. குடிநீரும் நின்றுபோனது. வடிந்ததும் பல்கலைக்கழக மாணவர்கள் ஃபேஸ்புக் வழியாகச் சேர்ந்து மண்வெட்டியோடு இறங்கினோம். டான்யூப் புகுந்து நாசமாக்கிய ஒரு பழைய புத்தகக் கடைக்கு என்னை அனுப்பினார்கள். புத்தகங்கள் தண்ணீர் குடித்து உப்பி, அலமாரியோடு இறுகிக் கிடந்தன. ஒன்றைக்கூட உருவ முடியவில்லை. பலகையை உடைத்துத்தான் எடுத்தோம். கடைக்காரர் வயதானவர். வாசலில் நின்று ஒவ்வொன்றாக வாங்கி, அதன் பெயரை வாய்விட்டுப் படித்த பிறகே குப்பைக் குவியலில் போட்டார். ஒரு புத்தகத்தில் அட்டையே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இது எது?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? பின்னால் கைமாற்றும் வரிசை அப்படியே நின்றது. ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை.

மூன்றாறு:
கரையோரம், டான்யூப் மேல் மட்டும் பழி போடாதீர்கள். ஆல்ப்ஸ் நீரைச் சுமந்து வரும் இன் ஆறு, சராசரியாகப் பார்த்தால் பாஸாவில் டான்யூப்பைவிட அதிகத் தண்ணீர் கொண்டுவருகிறது. 2013இல் ஸால்சாக் ஆற்றின் பெருவெள்ளமும் இன்னில்தான் வந்து சேர்ந்தது.

என் அப்பா பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை ஓபர்ஹவுஸ் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். கீழே மூன்று நிறம்: வெளிறிய பச்சையாக இன், கரும்பச்சையாக டான்யூப், காட்டுச் சதுப்பு மண்ணில் ஊறி டிகாஷன் போல் வரும் இல்ஸ். அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, இன் ஆற்றைக் காட்டி, "பெரிய ஆறு அதுதானே? அப்புறம் ஏன் இதன் பேரிலேயே வியன்னா வரைக்கும் போகுது?" என்றார். பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு பெண்மணி, அப்பா என்ன கேட்கிறார் என்று விசாரித்தார். சொன்னேன். அவர் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டான்யூப் அதிக தூரம் ஓடி வந்தது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அப்பா கேட்டது இன்றுவரை எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

ஓசை:
எல்லோரும் தண்ணீரையே பேசுகிறீர்கள். அந்த ஊரை 1662இல் தீயும் தின்றது. எரிந்துபோன பேராலயத்தை இத்தாலியக் கலைஞர்கள் திரும்பக் கட்டினார்கள். இன்று அதில் 17,974 குழாய்கள் கொண்ட ஆர்கன் என்ற இசைக்கருவி இருக்கிறது. மதியக் கச்சேரிக்குப் போனேன். கடைசி உருப்படியில் அடிமந்திரத்தில் ஒரு சுரம் வந்தது. காதில் விழுவதற்கு முன்பே உட்கார்ந்திருந்த பலகை அதிர்ந்தது. பக்கத்தில் ஒரு பையன், காதுகேட்கும் கருவி பொருத்தியவன், இரண்டு உள்ளங்கைகளையும் பலகை மேல் வைத்துக்கொண்டான். கச்சேரி முடிந்து பாதிக் கூட்டம் போன பிறகும் எடுக்கவில்லை.

வாடகைவாசி:
எனக்கு நடந்தது சின்ன விஷயம். டான்யூப் ஓரம் ஒரு வீடு பார்க்கப் போனபோது, மாடிப்படிச் சுவரில் புது பெயின்ட்டையும் மீறி ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. என் தோள் உயரம். காட்டவந்தவர் அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பழைய நகரம் அழகுதான். ஆனால் தரைத்தளமோ நிலவறை அறையோ எடுப்பதற்கு முன் பழைய நகரமன்றச் சுவரில் குறித்திருக்கும் வெள்ள மட்டங்களைப் போய்ப் பாருங்கள். அப்புறம் அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவரிடம் கேளுங்கள், மறைக்க மாட்டார்கள். வீட்டுப் பொருள் காப்பீடு, ஹவுஸ்ராட், மட்டும் போதாது. எலிமென்டார் என்ற சேர்ப்பு இல்லாவிட்டால் வெள்ளத்துக்குப் பணம் வராது. அதையும் ஆற்றோர முகவரிக்கு எளிதில் தர மாட்டார்கள், தந்தாலும் விலை அதிகம். மழைக்காலத்தில் பவேரிய வெள்ள அறிவிப்புச் சேவையின் தளத்தில் இன், டான்யூப் இரண்டின் அளவையும் பாருங்கள். இரண்டும் ஒரே சமயம் ஏறினால் காரை உடனே மேட்டுக்கு ஏற்றுங்கள். சான்றிதழ்களை நிலவறையில் வைக்கவே வேண்டாம். முடிந்தால் ஹைடன்ஹோஃப் பக்கம் பாருங்கள். மேடு, பேருந்து உண்டு.

கரையோரம்:
மூன்றாறு, சரி, இன் தள்ளியது என்றே வைத்துக்கொள்வோம். கடைக்குள் வந்தது டான்யூப் பக்கத்துத் தண்ணீர்தான், அதை விட்டுத்தர மாட்டேன்.

வாடகைவாசி, மாணவர்கள் மேட்டுக்குப் போகலாம். அங்கேயே கடை வைத்துப் பிழைப்பவர்கள் எங்கே போவார்கள்? 2024 ஜூனிலும் தண்ணீர் 10 மீட்டரை நெருங்கியது. செய்தி பார்த்ததும் அந்தக் கடைக்குப் போன் செய்தேன். அவர் மகள் எடுத்தார். கீழ்த்தட்டுகளை முந்தின நாளே காலி செய்து மாடிக்கு ஏற்றிவிட்டார்களாம். பேச நேரமில்லை, இன்னும் பெட்டிகள் இருக்கின்றன என்று வைத்துவிட்டார்.