பத்தாம் நாள் களைப்பு: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு காலை

நான் (காலை 6:40): அனைவருக்கும் காலை வணக்கம். சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் ஒரே நாளில் மாற்றிக்கொண்டு இன்றோடு பத்து நாள் ஆகிறது. எடை இரண்டரை கிலோ குறைந்திருக்கிறது. ஆனால் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்று மணிக்கு மேல் கணினித் திரையில் இருப்பது கண்ணில் படுகிறதே தவிர மனதில் ஏறுவதில்லை. நேற்று மகன் பாட்டில் மூடியைத் திறந்து தரச் சொன்னதற்கே எரிந்து விழுந்துவிட்டேன். தொடக்கத்தில் இப்படித்தான் இருக்குமா, இல்லை நான் எதையாவது தவறாகச் செய்கிறேனா என்று எனக்கே புரியவில்லை.

தம்பி (காலை 6:44): எல்லோருக்கும் வருவதுதான் அக்கா. எனக்கும் முதல் மாதம் முழுவதும் அப்படித்தான் இருந்தது. இப்போது விட்டுவிட்டால் மறுபடி தொடங்குவது கடினம், எனவே கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுங்கள்.

பெரியக்கா (காலை 6:51): பல்லைக் கடிப்பது இருக்கட்டும். ஒரு நாளில் என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு நேரம் உடற்பயிற்சி செய்கிறாய், எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய் என்பதை ஒன்றுவிடாமல் எழுது. இரவுப் பணி முடித்து இப்போதுதான் வந்தேன். வார்டில் நோயாளியிடம் கேட்பதைத்தான் உன்னிடமும் கேட்கிறேன்.

நான் (காலை 6:58): காலை ஐந்து மணிக்கு எழுந்து வெறும் வயிற்றில் முக்கால் மணி நேரம் ஓட்டமும் நடையுமாகப் போய் வருகிறேன், மாலையில் அரை மணி நேரம் டம்பெல் தூக்குகிறேன், இரண்டுமே ஒரு நாள்கூட விடாமல். மாவுச்சத்துள்ள எதையும் தொடுவதில்லை. பால் இல்லாத காபி, மதியம் வேகவைத்த காய்கறியும் ஒரு முட்டையும், இரவில் சூப். உப்பையும் பாதியாக்கிவிட்டேன். கைப்பேசிச் செயலி நாளுக்கு 1,000 கலோரி என்று காட்டுகிறது. படுப்பதற்கு மட்டும் பழையபடி பதினொன்றரை ஆகிவிடுகிறது.

பெரியக்கா (காலை 7:09): இதைப் படித்த பிறகு உனக்குக் களைப்பு வராமல் இருந்திருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். வரவைப் பாதியாகக் குறைத்துவிட்டுச் செலவை இரண்டு மடங்காக்கியிருக்கிறாய், அதுவும் ஒரே நாளில்.

முதலில் அந்த இரண்டரை கிலோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தின் ஒரு பங்கைக் கல்லீரலும் தசைகளும் கிளைகோஜனாகச் சேமித்து வைக்கின்றன. ஏறத்தாழ அரை கிலோ வரை இருக்கும் அந்தச் சேமிப்பின் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் சில நாட்களிலேயே அந்தச் சேமிப்பு வெகுவாகக் கரைந்து, கூடவே தண்ணீரும் போய்விடும். இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் வெளியேற்றும். நீயோ சாப்பாட்டிலும் உப்பைக் குறைத்திருக்கிறாய், ஓடி வியர்வையிலும் இழக்கிறாய். படியில் ஏறும்போது தலை கிறுகிறுத்துக் கைப்பிடியைத் தேடுவதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். உனக்கு இரத்த அழுத்தம் இல்லை என்பதால் சொல்கிறேன், உப்பைப் பழைய அளவுக்குக் கொண்டு வா.

மகன்மீது எரிந்து விழுந்ததற்காக உன்னையே நொந்துகொள்ளாதே. அதுவும் பசியின் வேலைதான். 1944-ஆம் ஆண்டு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் தொடங்கிய பட்டினி ஆய்வைப் பற்றிச் செவிலியர் படிப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். 36 ஆரோக்கியமான இளைஞர்கள் ஆறு மாதம், நாளுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி சாப்பாட்டுடன், வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடந்தார்கள். அவர்களுக்குக் களைப்பு, குளிர் நடுக்கம், சிடுசிடுப்பு, எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றிய நினைப்பு என்று எல்லாம் வந்தன. நீ அவர்களைவிடக் குறைவாகச் சாப்பிடுகிறாய்.

தம்பி (காலை 7:13): நான் இந்த அளவுக்கு யோசிக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. ஆனால் தொடையில் வரும் வலி லாக்டிக் அமிலம் தேங்குவதால்தான் என்றும், இன்னும் ஓடினால் கரைந்துவிடும் என்றும் ஜிம்மில் சொன்னார்களே, அது சரியா?

பெரியக்கா (காலை 7:16): அது தவறு. பயிற்சியின்போது சேரும் லாக்டேட் பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வருகிற வலி, பழக்கமில்லாத வேலையால் தசையிழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தின் வலி. அதைச் சரிசெய்யப் புரதமும் தூக்கமும் வேண்டும். இவள் இரண்டையும் கொடுக்காமல் மறுநாளும் அதே தசைக்கு வேலை வைக்கிறாள்.

மாமா (காலை 7:21): நீங்கள் எழுதுவதையெல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவளைப் பார்த்து நானும் ஒரு வாரமாக இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். வீட்டுக்குத் திரும்பியதும் கை நடுங்குகிறது, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாலும் வியர்வை அடங்குவதில்லை. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. வயதுக்கு மீறி நடந்ததால் வரும் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியக்கா (காலை 7:22): மாமா, எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருங்கள். அத்தை, சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து மாமாவுக்கு உடனே பரிசோதித்து, எண்ணை இங்கே எழுதுங்கள். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்து நடப்பவர்களுக்கு இது வெறும் களைப்பு அல்ல.

அத்தை (காலை 7:26): 61 என்று காட்டுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

பெரியக்கா (காலை 7:26): பயப்படாதீர்கள் அத்தை, சரிசெய்துவிடலாம். 70-க்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரைதான். நான்கு தேக்கரண்டி சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து இப்போதே குடிக்கக் கொடுங்கள், அது ஏறத்தாழ 15 கிராம். பிஸ்கட்டோ சாக்லேட்டோ வேண்டாம், கொழுப்பு கலந்தது மெதுவாகத்தான் இரத்தத்தில் சேரும். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். அப்போதும் 70-ஐத் தாண்டவில்லை என்றால் இதே அளவு இன்னொரு முறை. இப்போது தொலைபேசியில் அழைக்கிறேன், எடுங்கள்.

அத்தை (காலை 7:43): இப்போது 94. நடுக்கம் நின்றுவிட்டது, முகத்திலும் தெளிவு வந்துவிட்டது. காலைச் சாப்பாடு எடுத்து வைக்கிறேன்.

பெரியக்கா (காலை 7:47): முழுச் சாப்பாடாகவே கொடுங்கள். மாமா, எல்லாச் சர்க்கரை மாத்திரைகளும் இப்படிச் செய்யாது. ஆனால் நீங்கள் போடுவது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை. நீங்கள் இரவில் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். எனவே சாப்பாட்டையோ நடையையோ மாற்றுவதற்கு முன்பு மருத்துவரிடம் மாத்திரையின் அளவைக் கேட்டிருக்க வேண்டும். இன்றைய மாத்திரையை அவரிடம் பேசாமல் போட வேண்டாம். எடை குறைந்து உப்பும் குறையும்போது இரத்த அழுத்த மாத்திரையும் அதிகப்படியாகிவிடுவது உண்டு, அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மாமா (காலை 8:30): மருத்துவரிடம் பேசிவிட்டேன் அம்மா. இன்று மாத்திரை வேண்டாம், மாலையில் நேரில் வரச் சொல்லியிருக்கிறார். இரவுச் சாப்பாட்டை விடக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். நீ கேட்காமல் இருந்திருந்தால் நாளைக்கும் இதேபோலத்தான் நடந்திருப்பேன்.

நான் (காலை 8:36): என்னைப் பார்த்துத்தான் மாமா தொடங்கினார் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அக்கா, நான் எல்லாவற்றையும் நிறுத்திவிடட்டுமா?

பெரியக்கா (காலை 8:49): நிறுத்த வேண்டாம், அளவைக் குறைத்தால் போதும். பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதே வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கமும், தசைக்கான பயிற்சி குறைந்தது இரண்டு நாளும்தான். பல ஆண்டுகளாக நாற்காலியில் இருந்துவிட்டு முதல் வாரத்திலேயே 315 நிமிடத்தைத் தொட்டிருக்கிறாய், அதிலும் பாதி ஓட்டம்.

இரண்டு வாரத்துக்கு ஓட்டமே வேண்டாம், தினமும் இருபது நிமிடம் நட. நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். டம்பெல் வாரத்துக்கு இரண்டே நாள். ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருக்கட்டும், காலையிலும் மதியமும் மாவுச்சத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள். உன் தேவையிலிருந்து 300 அல்லது 400 கலோரி குறைத்தால் போதும். எடை மெதுவாகத்தான் இறங்கும், ஒன்றிரண்டு நாள் ஏறவும் செய்யும். ஏறுவது அந்தத் தண்ணீர்தான், மனம் தளராதே.

தூக்கத்தைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். ஐந்தரை மணி நேரத் தூக்கத்தில் எந்தத் தசையும் தேறாது, பசியும் கட்டுக்குள் நிற்காது. ஏழு மணி நேரம் கிடைக்காத நாளில் நடையை விட்டுவிட்டுத் தூங்கு, தவறே இல்லை. இப்படி இரண்டு மூன்று வாரம் இருந்தும் களைப்பு போகவில்லை என்றால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பரிசோதித்துக்கொள்ளலாம். நெஞ்சு வலியோ மயக்கமோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறலோ வந்தால் மட்டும் ஒரு நாளும் காத்திருக்காதே.

நான் (காலை 8:57): அலாரத்தை ஆறரைக்கு மாற்றிவிட்டேன். ஒரு கிண்ணம் நிறைய எடுத்து வைத்துக்கொண்டு இப்போது சாப்பிட உட்காருகிறேன். மாமா, மருத்துவர் நடக்கலாம் என்று சொன்ன பிறகு தனியாகப் போகாதீர்கள், நானும் வருகிறேன், இருபது நிமிடம்தான்.

மாமா (காலை 9:05): சரி அம்மா, உனக்காகக் காத்திருக்கிறேன். சட்டைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை உன் அத்தை இப்போதே வைத்துவிட்டாள்.

பெரியக்கா (காலை 9:06): இரண்டாக வைக்கச் சொல்லுங்கள் மாமா. நான் தூங்கப் போகிறேன். மாலையில் மருத்துவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.