மறு: லூப் குளோஷருக்குத் தமிழில் என்ன? (‘தடங்கூடல்’ என் பரிந்துரை)

அனைவருக்கும் வணக்கம்.

நான்கு நாளாக மடல்களைப் படிப்பதோடு நிறுத்திக்கொண்டேன். ரோபோ தான் முன்பு வந்த இடத்துக்கே மறுபடி வந்திருப்பதைக் கண்டுகொண்டு தன் வரைபடத்தைச் சரிசெய்வதை ஆங்கிலத்தில் லூப் குளோஷர் என்கிறார்கள். ஆய்வேட்டுச் சுருக்கத்தைத் தமிழில் எழுதும் தம்பி கேட்டது அதற்கு ஒரே ஒரு சொல். இதுவரை ஏழு வந்துவிட்டன. என் பங்குக்கு எட்டாவது.

முதலில், ‘மடக்கு மூடல்’ வேண்டவே வேண்டாம். பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் படித்த பிள்ளைக்கு மடக்கு என்றால் நிரலில் வரும் ஃபார், வைல் தான். மடக்கை மூடு என்றால் அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போச்சு என்று தேடுவான். ‘கண்ணி மூடல்’ எலிக்குப் பொறி வைப்பது போல ஒலிக்கிறது. இந்தத் துறையில் நிஜமாகவே எலிகள் உண்டு என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும்.

ஆங்கிலச் சொல்லைப் பார்த்து மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு, நடப்பதைப் பார்த்துப் பெயர் வைக்கலாம். எங்கள் ஆய்வகம் இருக்கும் மாடியில் நடுவில் முற்றம், சுற்றி நான்கு பக்கமும் தாழ்வாரம். ஒரு சக்கர ரோபோவை ஆய்வக வாசலில் விட்டு ஒரு சுற்று வரச் சொன்னேன். சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணித்தான் அது தன் இடத்தைக் கணக்குப் போடும். மொசைக் தரையில் ஒவ்வொரு திருப்பத்திலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கும். இரண்டே டிகிரி பிசகினால் போதும், அடுத்த இருபது மீட்டர் போவதற்குள் எழுபது சென்டிமீட்டர் விலகிவிடும். நான்கு திருப்பமும் முடிந்து அதே வாசலுக்கு வந்து நின்றது. திரையில் பார்த்தால் வரைபடத்தில் எங்கள் ஆய்வகத்துக்கு இரண்டு வாசல். இரண்டாவது வாசல் பக்கத்துச் சுவருக்குள் இருந்தது.

இங்கே இரண்டு காரியம் நடக்க வேண்டும். கேமராவில் தெரிவதை வைத்து ‘அட, இது முன்னே பார்த்த வாசல்தானே’ என்று ரோபோ கண்டுகொள்வது ஒன்று. அப்படிக் கண்டுகொண்ட பிறகு, சேர்ந்திருக்கும் பிழையைச் சுற்று முழுக்கப் பங்கிட்டு வரைபடத்தை இழுத்துச் சரிசெய்வது இன்னொன்று. இரண்டாவது காரியம் நில அளவைக்காரர்களுக்குப் பழைய சமாச்சாரம். புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வந்து, எவ்வளவு விட்டுப்போகிறது என்று பார்த்து, அதை ஒவ்வொரு பக்கத்தின் நீளத்துக்கும் தக்கபடி பிரித்துப் போடும் பவ்டிச் விதி 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. முதலாவதுதான் ரோபோவுக்குக் கஷ்டம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் இரண்டையும் லூப் குளோஷர் என்றே எழுதுகிறார்கள். வாக்கியத்தின் போக்கை வைத்து நாம் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

இவை இரண்டும் நிஜமாகவே தனித்தனி என்பதற்கு, எலி மூளையைப் பார்த்து ரோபோவுக்குச் செய்த ராட்ஸ்லாம் என்ற வரைபட முறை நல்ல சாட்சி. எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் இடத்துக்கு இடம் வெவ்வேறு செல்கள் துடிப்பதை 1971இல் ஜான் ஓ’கீஃப், ஜொனாதன் டொஸ்ட்ரோவ்ஸ்கி இருவரும் எழுதினார்கள். அந்த மாதிரியை வைத்து ரோபோவுக்கு வழி காட்ட முடியுமா என்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மில்ஃபோர்டும் கோர்டன் வைத்தும் முயன்றார்கள். 2008இல் வந்த அவர்களுடைய கட்டுரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு கார், அதில் ஒரே ஒரு மடிக்கணினி கேமரா, அவ்வளவுதான் கருவி. பிரிஸ்பேனின் செயின்ட் லூசியா பகுதியில் 66 கிலோமீட்டர் ஓட்டி, ஐம்பதுக்கு மேற்பட்ட சுற்றுகளைச் சரியாகக் கண்டுபிடித்து வரைபடம் போட்டார்கள்.

அதற்குள் நடப்பதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்பது செயற்கைச் செல்களின் வலையில் ஒரு துடிப்புக் குவியல். கார் நகர நகரக் குவியலும் நகரும். பழைய தெருக்காட்சி கண்ணில் பட்டால், அந்தக் காட்சியோடு முன்பு சேர்ந்திருந்த செல்களில் லேசாகத் துடிப்பு ஏறும். ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத் தாவாது. அடுத்தடுத்த படங்களும் அதே பழைய தெருவையே சொன்னால் பழைய இடத்தின் குவியல் வலுத்துக்கொண்டே போய், நடப்புக் குவியலைத் தோற்கடிக்கும். அந்தத் தாவல்தான் கண்டுகொள்வது. அதற்கு அப்புறம்தான், தனியாக இருக்கும் அனுபவ வரைபடம் மெல்ல மெல்ல இழுபட்டுத் தளர்ந்து சரியான வடிவத்துக்கு வருகிறது. இரண்டும் வேறு இடத்தில், வேறு வேகத்தில் நடக்கின்றன. தமிழில் புதிதாகப் பெயர் வைக்கிற நாம் ஏன் ஒரே சொல்லுக்குள் இரண்டையும் திணிக்க வேண்டும்?

இனி வந்த பரிந்துரைகள். மதுரை ஐயா சொன்ன ‘மண்டலித்தல்’ படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். அந்தாதியில் கடைசிப் பாட்டின் ஈறு முதல் பாட்டின் தொடக்கத்தில் போய் முடிவதைச் சொல்லும் சொல். தஞ்சாவூர் அம்மா சொன்ன ‘நிலைசேர்தல்’ அதைவிட எளிது. தேர் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வருவதைப் பார்க்காதவர் யார்? ஆனால் இரண்டுக்கும் ஒரே குறை: புறப்பட்ட இடத்துக்கே வந்தாக வேண்டும். ரோபோவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நடுவழியில் முன்பு கடந்த ஒரு முக்கை மறுபடி பார்த்தாலே போதும். தேர் மேலவீதியில் நின்றுவிட்டால் அதை நிலைக்கு வந்தது என்று சொல்வோமா?

என் சொல் ‘கூடல்’ என்பதிலிருந்து வருகிறது. கூடல் இழைத்தல் என்ற பழக்கம் இலக்கியம் படித்தவர்களுக்குத் தெரியும். தலைவி கண்ணை மூடிக்கொண்டு மணலில் விரலால் வட்டம் போடுவாள். தொடங்கிய கோட்டோடு முடியும் கோடு கூடினால் தலைவன் வருவான். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் நான்காம் திருமொழி கூடலிடம் பேசுவதுதான். கண்ணை மூடிக்கொண்டு, விரலின் அசைவை மட்டும் நம்பி வட்டம் போட்டால் என்ன ஆகும்? எங்கள் தாழ்வாரத்தில் ரோபோவுக்கு ஆனதுதான். கோடு கூடாது, தள்ளிப்போகும். கண்ணைத் திறந்தால்தான் எவ்வளவு தள்ளி என்று தெரியும்.

எனவே ‘தடங்கூடல்’: போகும் தடம் தன் பழைய தடத்தோடு எந்த இடத்திலாவது கூடுவது. ‘தடம் கூடியது’, ‘இன்னும் கூடவில்லை’ என்று ஆய்வகத்தில் வாயாலும் சொல்லலாம். அதைவிட முக்கியம், தன்வினை கூடு, பிறவினை கூட்டு. கண்டுகொள்ளும் நிகழ்வு ‘தடங்கூடல்’. வரைபடத்தை இழுத்துச் சேர்ப்பது ‘தடங்கூட்டல்’. ஆங்கிலத்தில் கூடுதல் சொல் போட்டுப் பிரிப்பதை நம் வினைச்சொல்லே பிரித்துத் தருகிறது.

தவறாகக் கண்டுகொள்வதற்குப் ‘பொய்க்கூடல்’. அதுவும் எனக்கு நடந்திருக்கிறது. தாழ்வாரத்தின் எதிரெதிர் மூலைகளில் ஒரே மாதிரி குடிதண்ணீர் கேன், ஒரே மாதிரி நீல மேசை. ரோபோ இரண்டாவதைப் பார்த்து முதலாவது என்று நம்பி, பாதித் தாழ்வாரத்தைத் தோசை மாதிரி மடித்து மேலே போட்டுவிட்டது. தடம் கூடாமல் போனால் வரைபடம் கோணலாகும், அவ்வளவுதான். பொய்யாகக் கூடினால் மொத்தமும் போச்சு. ஒரு கேனை நகர்த்தி வைத்துத்தான் அன்று ஒப்பேற்றினேன்.

குறை இருந்தால் சொல்லுங்கள்.

—

மறு: மறு: லூப் குளோஷருக்குத் தமிழில் என்ன?

இரண்டு மறுப்புக்குச் சுருக்கமாகப் பதில்.

> கூடல் என்றாலே ஊடலும் கூடலும்தான் நினைவுக்கு வரும். வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்கள் ஊருக்கும் அதே பெயர். கூட்டல் என்றாலோ ஒன்றும் ஒன்றும் இரண்டு.

ஐயா, சிரிக்கட்டும், சிரித்த சொல் மறக்காது. அதற்காகத்தான் வெறும் கூடல் என்று விடாமல் தடத்தை முன்னால் போட்டேன். வீட்டைக் கூட்டுகிறோம், கணக்கில் கூட்டுகிறோம், கூட்டத்தையும் கூட்டுகிறோம், யாருக்கும் குழம்பியதில்லை. உங்கள் ‘மண்டலித்தல்’ வீணாகவும் வேண்டாம். தொடங்கிய புள்ளிக்கே திரும்பும் சுற்றை மட்டும் குறிக்க அதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

> நான் நரம்பியல் பக்கம். எலி தன் இடத்தைக் கணிக்க உதவும் மூளைச் செல்களான கிரிட் செல்களின் பிழை, எலி பெட்டியின் சுவரைத் தொடும்போது திருந்துகிறது என்று 2015இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அதையும் தடங்கூடல் என்று எழுதலாமா?

எழுத வேண்டாம் அம்மா. சுவரை விட்டு வந்து நேரம் ஆக ஆகப் பிழை ஏறுகிறது, சுவர் பட்டதும் இறங்குகிறது என்பதுதான் அங்கே கண்டது. திருத்தம் நடக்கிறது, சரி. ஆனால் எலியின் பாதை தன் பழைய பாதையோடு கூடியாக வேண்டும் என்பதில்லை. சுவர் கையில் கிடைத்த ஓர் அடையாளம். ‘எல்லைத் திருத்தம்’ என்று எழுதுங்கள். ராட்ஸ்லாமில் குவியல் தாவுவதை எழுதும்போது தயங்காமல் தடங்கூடல் போடலாம்.

தம்பி, உன் சுருக்கத்தில் மூன்றாம் பத்தியில் ‘லூப் குளோஷர்’ நான்கு இடத்தில் வருகிறது. முதல் மூன்றும் கூடல், கடைசி கூட்டல். ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்பு. இரண்டு இடம் ஒரே மாதிரி தெரிவதற்கு ‘இடமயக்கம்’ என்று அட்டவணையில் தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். அதற்கு யாராவது தனி இழை தொடங்குங்கள்.