யூரிக் ஆசிட் 8.1, ஃபேட்டி லிவர் கிரேடு 2: பருப்பை நிறுத்தச் சொல்வதில் அர்த்தம் உண்டா?

தட்டுக்கணக்கு (கேள்வி; கீழே பதில் சொல்பவர்களுக்கும் இப்படிப் புனைப்பெயர்தான்):
ஆண், 42 வயது. உயரம் 168 செ.மீ., எடை 88 கிலோ, இடுப்பளவு 104 செ.மீ. யூரிக் ஆசிட் 8.1, ஈரல் என்சைம்களான எஸ்ஜிபிடி 64, எஸ்ஜிஓடி 38, பிளேட்லெட் 2.4 லட்சம், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1. வயிற்று ஸ்கேனில் ஃபேட்டி லிவர் (ஈரலில் கொழுப்பு) கிரேடு 2. மூட்டு வீங்கியதில்லை, சிறுநீரகக் கல் இல்லை, குடிப்பதில்லை. மருந்துச் சீட்டில் யூரிக் ஆசிட்டை இறக்கும் ஃபெபுக்சோஸ்டாட் 40. கூடவே "பருப்பு, கீரை, காளான், தக்காளி கூடாது" என்று அச்சடித்த தாள் ஒன்று. ஆள் சாம்பாரை விட்டுவிட்டு ரசம் சாதம், இட்லி, சாத்துக்குடி ஜூஸ் என்று மாறிவிட்டார். இரண்டு கேள்வி: யூரிக் ஆசிட்டும் ஈரல் கொழுப்பும் தனித்தனி நோயா? முதலில் எதைப் பிடிப்பது?

ஈரக்குலை:
அந்தத் தாள் எல்லா ஊரிலும் சுற்றுகிறது. சாம்பாரை நிறுத்தி ஜூஸைக் கொடுத்தது தலைகீழ் வைத்தியம்.

உடம்பில் சேரும் யூரிக் ஆசிட்டில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நம் செல்களே உண்டாக்குவது. சாப்பாட்டுப் பங்கு மிச்சம்தான். பியூரின் (உடைந்தால் யூரிக் ஆசிட் ஆகும் பொருள்) உள்ள உணவை எவ்வளவு கறாராகக் குறைத்தாலும் 1 மி.கி. அளவுக்கு இறங்கினால் பெரிது. அதிலும் பருப்பு, கீரை, காளான் பியூரினுக்கும் கவுட் வாதத்துக்கும் (யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வீக்கம்) தொடர்பு தெரியவில்லை. ஆட்டு ஈரல், குடல், மத்தி, நெத்திலி, பீர் இவை வேறு கணக்கு.

யூரிக் ஆசிட்டையும் ஈரல் கொழுப்பையும் இணைப்பது ஃபிரக்டோஸ், சர்க்கரையிலும் பழத்திலும் உள்ள ஒரு வகை இனிப்பு. ஈரலுக்குள் வந்ததும் அதன்மேல் பாஸ்பேட் ஏறுகிறது. குளுக்கோஸுக்கு இருப்பது போன்ற பிரேக் இந்த வழியில் கிடையாது. செல்லின் எரிபொருளான ஏடிபி மளமளவென்று செலவாகி ஏஎம்பி ஆகும், அது சிதைந்து யூரிக் ஆசிட்டில் முடியும். மிஞ்சிய கார்பன் அதே ஈரலில் கொழுப்பாக மாறும். ஒரே அடுப்பில் இரண்டு பானை என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 மி.லி. கோலாவில் சுமார் 32 கிராம் சர்க்கரை, அதில் பாதி ஃபிரக்டோஸ். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எதற்கும் இதில் விலக்கு இல்லை. முழுக் கொய்யா ஒன்று சாப்பிடுவதும் மூன்று சாத்துக்குடியைப் பிழிந்து வடிகட்டிக் குடிப்பதும் ஒன்றல்ல.

இன்னொரு வழி இன்சுலின். தொப்பையால் இன்சுலின் எதிர்ப்பு வந்து ரத்தத்தில் இன்சுலின் கூடும்போது, சிறுநீரகம் யூரிக் ஆசிட்டை வெளியே விடாமல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. பருப்பை எடுத்த தட்டில் சோறுதான் நிறையும். ஆக 8.1 இறங்காது, ஈரலும் இளைக்காது.

யூரிக் ஆசிட்டே ஈரலைக் கெடுக்கிறதா, இல்லை கெட்ட ஈரலின் அடையாளம் மட்டும்தானா என்பதில் மரபணு வழி ஆய்வுகள் ஒரே பதில் தரவில்லை. அதனால் எண்ணை இறக்கினால் ஈரல் சரியாகிவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

சோதனைக்குழாய்:
கிரேடு 2 என்பது ஸ்கேன் பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதற்கு ஃபிப்-4 என்ற கணக்கைப் போடுங்கள், புதிதாக ரத்தம் எடுக்க வேண்டியதில்லை.

வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கவும்: 42 × 38 = 1596. எஸ்ஜிபிடியின் வர்க்கமூலம் 8. பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுக்கவும், அதாவது 240. 240 × 8 = 1920. 1596 ÷ 1920 = 0.83.

பலர் தடுக்கி விழுவது பிளேட்லெட்டில்தான். நம் லேப்கள் லட்சத்தில் தருகின்றன. 2.4 என்று அப்படியே போட்டால் விடை 83 வந்து எல்லோரையும் பயமுறுத்தும்.

1.3-க்குக் கீழே என்றால் கடுமையான தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. 2.67-க்கு மேல் போனால் ஈரல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இடையில் நின்றால் ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன், அதில் 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே நல்லது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1.3-க்குப் பதில் 2.0. 35-க்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது. இவருக்கு எச்பிஏ1சி 6.1, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பதால் ஓரிரு வருடத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

மாத்திரைப்பெட்டி:
மூட்டு வலியே வராதவருக்கு யூரிக் ஆசிட் மாத்திரை வேண்டாம் என்பதுதான் அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல். வருடத்துக்கு இரண்டு தடவையோ மேலோ கவுட் வருபவர்கள், தோலுக்கடியில் யூரேட் கட்டி உள்ளவர்கள் கதை வேறு. ஃபெபுக்சோஸ்டாட் சிலருக்கு ஈரல் என்சைமை ஏற்றும். எஸ்ஜிபிடி ஏற்கெனவே 64. சீட்டு எழுதியவரிடமே "எதற்காக, எத்தனை நாள்" என்று கேட்கச் சொல்லுங்கள்.

பிபி மாத்திரை சாப்பிடுகிறாரா? பெயரின் கடைசியில் எச் இருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு, சிடி என்றால் குளோர்தாலிடோன். இரண்டுமே யூரிக் ஆசிட்டை ஏற்றும். குறைந்த அளவு ஆஸ்பிரினும், காசநோய்க்குக் கொடுக்கும் பைராசினமைடும் அப்படியே. லோசார்ட்டன் கொஞ்சம் இறக்கும். தானாக நிறுத்தக் கூடாது, மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

தட்டுக்கணக்கு:
பிபி மாத்திரை எதுவும் இல்லை. எடைக்குப் பேலியோ ஆரம்பிக்கலாமா என்கிறார். கொள்ளு வேறு கேட்கிறார்.

ஈரக்குலை:
கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லிவைத்த ஊரில் அதையும் பறிக்க வேண்டாம், சுண்டலாகவோ ரசமாகவோ போகட்டும். அதுவும் பருப்பினம்தான்.

பேலியோவில் ஒரு சிக்கல். மாவுச்சத்தை அடியோடு வெட்டினாலோ நீண்ட பட்டினி இருந்தாலோ, கொழுப்பு எரிவதில் உண்டாகும் கீட்டோன் கூடும். அது சிறுநீரகம் வழியே வெளியேற யூரிக் ஆசிட்டோடு போட்டி போடும். முதல் சில வாரம் 8.1 இன்னும் ஏறலாம், முதல் கவுட் வலி அப்போது கிளம்புவதும் உண்டு. இரண்டாம் வாரம் ரத்தம் கொடுத்துவிட்டுப் பதறுபவர்கள் அதிகம். போதாததற்கு எடை தடாலென்று விழுந்தால் ஈரல் அழற்சி சிலருக்குக் கூடும்.

வாரம் அரை கிலோ போதும், ஒரு கிலோவைத் தாண்ட வேண்டாம். 5 சதவீதம், அதாவது 4.4 கிலோ குறைந்தாலே ஈரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். அழற்சி தணிய 7 சதவீதமாவது வேண்டும், இவருக்கு 6 கிலோ சொச்சம். தழும்புக்கு 10 சதவீதம். ஜூஸ், கோலா, டீயில் போடும் சர்க்கரை முதல் நாளே போகட்டும். மதியச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பருப்பும் காயும் மோரும். சர்க்கரையில்லாக் காபி ஈரலுக்கு நல்லதே. வாரம் 150 நிமிடம் வேக நடை. எடை நகராத வாரத்திலும் நடை ஈரல் கொழுப்பைக் குறைக்கும்.

மூன்று மாதம் கழித்து எடை, இடுப்பளவு, எஸ்ஜிபிடி, எச்பிஏ1சி, யூரிக் ஆசிட் எல்லாவற்றையும் ஒரே நாளில் பாருங்கள். அதற்கு முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம். நடுவில் கால் கட்டைவிரல் வீங்கினால் அன்று எடுக்கும் யூரிக் ஆசிட்டை நம்பாதீர்கள், வலி நேரத்தில் இயல்பு மாதிரிக் காட்டும். வலி அடங்கி இரண்டு வாரம் விட்டு மறுபடி எடுக்க வேண்டும்.