அழற்சி எதிர்ப்பியா, அழற்சித் தணிப்பியா?

> ஆஸ்பிரின், ஐபுபுரோஃபேன், டெக்ஸாமெத்தசோன் மூன்றையும் நம் கலைச்சொல் பட்டியலில் "அழற்சி எதிர்ப்பி" (anti-inflammatory) என்றே பதிந்துவிடலாமே?

மூட்டுவாதக் கையேட்டுக்கு அது போதும். புற்றுநோய்ப் பகுதிக்கு வந்ததும் இடிக்கும். "நோயெதிர்ப்புச் செல்களின் மேல் அழற்சி எதிர்ப்பிகளின் விளைவு" என்று எழுதிப் பாருங்கள். எது எதை எதிர்க்கிறது என்று மாணவர் அங்கேயே நின்றுவிடுவார். போதாததற்கு, அலர்ஜியையும் பலர் அழற்சி என்றே எழுதுகிறார்கள், அது ஒவ்வாமை.

சொல்லைவிடப் பெரிய சிக்கல் மருந்தின் செயலில் இருக்கிறது. பல கட்டிகள் காக்ஸ்-2 நொதியைக் கொண்டு புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற அழற்சி வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அது டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லின் ஈபி2, ஈபி4 ஏற்பிகளில் ஒட்டினால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு ஏறும். செல் பெருகுவது தடைபடும், கொல்லும் திறனும் குன்றும். இயற்கைக் கொல்லி செல் என்ற இன்னொரு நோயெதிர்ப்புச் செல்லுக்கும் இதே கதிதான். ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபேனும் காக்ஸை முடக்கினால் இந்தப் பிடி தளரும். ஆஸ்பிரினுக்கு இன்னொரு வழியும் உண்டு. இரத்தத் தட்டின் காக்ஸ்-1 மேல் அசிட்டைல் தொகுதியை ஒட்டி, அதை நிரந்தரமாக முடக்குகிறது. தட்டுக்கு உட்கரு இல்லை, புது நொதி செய்துகொள்ள முடியாது. ஆகவே 7–10 நாள் ஆயுள் முழுக்க அதனால் இரத்தம் உறையத் தூண்டும் திராம்பாக்சேன் ஏ2 சுரக்க முடிவதில்லை. அந்தத் திராம்பாக்சேன்தான் டி செல்லை அடக்குகிறது என்றும், ஆஸ்பிரின் கொடுத்த சுண்டெலிகளில் புற்று பிற உறுப்புகளுக்குப் பரவுவது குறைந்தது என்றும் 2025இல் நேச்சர் இதழில் வெளியானது.

ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் நேர்மாறு. டி செல்லையே ஒடுக்கும், லிம்போசைட்டுகளை (டி செல் உள்ளிட்ட வெள்ளணு வகை) சாகடிக்கும். நாளுக்கு 10 மி.கி.க்கு மேல் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை எடுப்பவர்களை, உடலின் தடுப்பாற்றலைத் தூண்டிப் புற்றை எதிர்க்கும் மருந்துகளின் சோதனைகள் பலவற்றில் சேர்க்காதது இதனால்தான்.

எனவே பொதுச்சொல் "அழற்சித் தணிப்பி". காய்ச்சல் தணிந்தது, எரிச்சல் தணிந்தது என்று வாய் ஏற்கெனவே சொல்கிறது. ஆஸ்பிரின் வகைக்கு "ஸ்டீராய்டு சாரா அழற்சித் தணிப்பி". டெக்ஸாமெத்தசோனுக்கு "ஸ்டீராய்டு அழற்சித் தணிப்பி", கூடவே "தடுப்பாற்றல் ஒடுக்கி" என்ற குறிப்பும் கட்டாயம் வேண்டும்.

---

> பொதுச்சொல் "அழற்சித் தணிப்பி"

ஐயா, புற்றுநோய்ப் பிரிவில் "தணிப்பு" ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. நோய்த்தணிப்புச் சிகிச்சை என்றால் நோயை மாற்ற முடியாதபோதும் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் கவனிப்பு. "தணிப்பி மருந்து" என்று சுருக்கி எழுதினால், கைவிட்டுவிட்டார்கள் போல என்று நோயாளியின் வீட்டார் கலங்குவார்கள். "அழற்சியடக்கி" ஆகாதா?

---

> "அழற்சியடக்கி" ஆகாதா?

அடக்கி, ஒடுக்கி இரண்டும் காதில் ஒன்றாகவே விழும். நாம் பிரிக்க நினைத்ததே மறுபடி ஒட்டிக்கொள்ளும். உங்கள் அச்சம் நியாயம். "அழற்சி" இல்லாமல் "தணிப்பி" தனித்து வரக்கூடாது என்று பதிவிலேயே எழுதிவிடுவோம்.

விளக்கத்தில் "புற்றைத் தடுக்கும்" என்று மட்டும் சேர்க்காதீர்கள். பெருங்குடல் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் மரபுவழிக் கோளாறான லிஞ்ச் நோய்க்குறி உள்ளவர்களுக்கு நாள்தோறும் 600 மி.கி. ஆஸ்பிரின் பெருங்குடல் புற்றைக் குறைத்தது உண்மை. ஆனால் பெரும்பாலும் 70 வயது கடந்தவர்களுக்கு 100 மி.கி. கொடுத்த ஆஸ்ப்ரீ (ASPREE) என்ற ஆய்வில் புற்றுநோய் இறப்பு கூடியது. "அழற்சியைக் குறைக்கும் மருந்து" என்பதோடு விளக்கத்தை நிறுத்துங்கள்.