யமஹா க்யூஎல்1 மிக்ஸர்: கெஸ்டுக்கு எதை எல்லாம் பூட்டுவது?

வணக்கம் நண்பர்களே. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வானொலி ஸ்டுடியோவில் டெக்னிக்கல் வேலை பார்க்கிறேன். காலையில் தமிழில் விவசாய நிகழ்ச்சி செய்பவர் தன் குரலுக்கு மைக் கெயினை (மைக் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவை) ஏற்றிவிட்டுப் போகிறார். அடுத்து மலையாளத்தில் பேச உட்காரும் சேச்சி வாய் திறந்ததுமே மீட்டர் சிவப்பு. ஃபேடரோடு (ஒலியைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் நகர்த்தும் பட்டனோடு) நிறுத்திக்கொள்ளுங்கள் என்றால் யார் கேட்கிறார்கள்?

யார் எதைத் தொடலாம் என்பதற்கு மிக்ஸரில் அட்மினிஸ்ட்ரேட்டர், கெஸ்ட், யூசர் என மூன்று நிலை உண்டு. யூசர் கீயை (ஒருவருக்கான அனுமதிகள் அடங்கிய ஃபைலை) பென்டிரைவில் போட்டு ஆளுக்கொன்று கொடுக்கலாம்தான், ஆனால் தொலைத்துவிட்டு வந்து நிற்பார்கள். அதனால் எல்லாரும் கெஸ்ட், அதாவது கீ இல்லாமல் உட்காருபவர்கள். ஃபேடரும் ஆன் பட்டனும் மட்டும் திறந்திருக்கட்டும், கெயினும் சீனும் (சேமித்து வைத்த மொத்த செட்டிங்கும்) பூட்டு என்று நினைக்கிறேன். சரி, ராத்திரி நான் இல்லாதபோது அவசரமாகச் சீன் மாற்ற வேண்டி வந்தால்? உங்கள் ஸ்டுடியோவில் அட்மின் பாஸ்வேர்டை யாரிடம் கொடுத்து வைக்கிறீர்கள்?